கிறிஸ்து பிறப்பு விழாவின் உட்பொருள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மறைக்கல்வி வகுப்புகளிலும், பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களின் கூட்டங்களிலும் டிசம்பர் நெருங்கும்போது எழும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆண்டுதோறும் வாய்மொழியாகச் சொல்லிவந்த விடைகளை இங்கே எழுத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டுவைத்திருக்கிறேன். விடைகள் கத்தோலிக்கத் திருவழிபாட்டு மரபை ஒட்டியவை; பிற சபைகளின் வழக்கம் வேறுபடும் சில இடங்களில் அதையும் குறித்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸ்னா இயேசுவோட பிறந்தநாள். அதுக்கு மேல யோசிக்க என்ன இருக்கு?

பிறந்தநாள் என்பது சரிதான். ஆனால் பெரியவர் ஒருவர் பிறந்த நாளை நினைவுகூர்வதோடு விழா முடிந்துவிடுவதில்லை. படைத்தவரே படைப்புக்குள் வந்தார், பசியும் உறக்கமும் வலியும் சாவும் கொண்ட மனித வாழ்வைத் தமதாக்கிக்கொண்டார் என்ற நம்பிக்கையே அதன் மையம். மாற்கு நற்செய்தியில் பிறப்பு நிகழ்ச்சியே இல்லை. யோவான் தம் முன்னுரையில் தொழுவத்தையோ மேய்ப்பர்களையோ குறிப்பிடாமல், "வாக்கு மனிதர் ஆனார், நம்மிடையே குடிகொண்டார்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார். கிறிஸ்துமஸ் பகல் திருப்பலியில் வாசிக்கப்படுவது அந்த முன்னுரைதான். நள்ளிரவில் லூக்காவைக் கேட்டுவிட்டுச் சென்றவர்களில் பலர் பகலில் யோவானைக் கேட்க வருவதில்லை. பலருடைய மனத்தில் விழா பிறந்தநாளோடு நின்றுவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த மையத்தைத் திருவழிபாடு ஓர் உடல் அசைவாலேயே கற்பிக்கிறது. மற்ற ஞாயிறுகளில் நம்பிக்கை அறிக்கையைச் சொல்லும்போது, ஆண்டவர் மனிதர் ஆனார் என்ற பகுதிக்கு வந்ததும் தலை வணங்குகிறோம். ஆண்டில் இரண்டு பெருவிழாக்களில் மட்டும், அதாவது வானதூதர் மரியாவுக்குச் செய்தி சொன்னதை மார்ச் 25 அன்று கொண்டாடும் அறிவிப்பு விழாவிலும் கிறிஸ்து பிறப்பு விழாவிலும், அதே சொற்களுக்கு முழந்தாளிடுகிறோம். அடுத்த முறை அந்த இடத்தில் சற்று நிதானித்துப் பாருங்கள்.

டிசம்பர் 25னு பைபிள்ல எங்கே இருக்கு?

எங்கும் இல்லை. நாளும் இல்லை, மாதமும் இல்லை. உரோமையில் அந்நாள் கொண்டாடப்பட்டதற்கான மிகப் பழைய சான்று 354-ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டி நூலில் கிடைக்கிறது. அதிலுள்ள பட்டியல் 336-ஆம் ஆண்டின் வழக்கத்தைக் காட்டுவதாக அறிஞர்கள் கொள்கின்றனர். கீழைத் திருச்சபைகளில் சனவரி 6-க்கே முதலிடம் இருந்தது. அர்மேனியத் திருச்சபை இன்றும் அந்நாளிலேயே ஆண்டவரின் பிறப்பையும் திருமுழுக்கையும் சேர்த்துக் கொண்டாடுகிறது. பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றும் உருசியத் திருச்சபை போன்றவற்றின் டிசம்பர் 25, நம் நாட்காட்டியில் சனவரி 7 ஆகும்.

இந்த நாள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. உரோமையர் சூரியனுக்கு எடுத்த விழாவுக்கு மாற்றாக இது வைக்கப்பட்டது என்பது ஒன்று. ஆண்டவர் கருவானதும் சிலுவையில் இறந்ததும் ஒரே தேதியில், மார்ச் 25-இல், நிகழ்ந்தன என்ற பழைய நம்பிக்கையிலிருந்து ஒன்பது மாதங்களைக் கணக்கிட்டு வந்த நாள் இது என்பது மற்றொன்று. மார்ச் 25 பற்றிய அந்த மரபைப் புனித அகுஸ்தீனும் எழுதிவைத்திருக்கிறார். இரண்டாம் விளக்கம் எனக்கு அதிகம் பிடிக்கும். பிறப்பைச் சிலுவையோடு பிணைத்தே முன்னோர் எண்ணிப்பார்த்தார்கள் என்பதை அது காட்டுகிறது. இந்தப் பிணைப்பு கீழே மீண்டும் வரும்.

அப்போ நாம கும்பிடறது சூரியக் கடவுளோட பண்டிகையைத்தானா? யூடியூப்ல அப்படித்தான் சொல்றாங்க.

பேரரசர் அவுரேலியன் 274-ஆம் ஆண்டில் 'வெல்லப்படாத சூரியன்' வழிபாட்டை அரசு நிலையில் உயர்த்தினார் என்பது வரலாறு. குளிர்காலத்தின் மிக நீண்ட இரவு கடந்து பகல் வளரத் தொடங்கும் காலத்தில் இவ்விழா அமைந்திருப்பதும் உண்மை. ஆயினும் ஒரு நாளில் வேறொருவர் எதையோ கொண்டாடினார் என்பதால், அதே நாளில் நாம் செய்யும் வழிபாடு அவருடைய வழிபாடாகிவிடாது. யாரை நோக்கி மன்றாடுகிறோம், எதை அறிக்கையிடுகிறோம் என்பதே வழிபாட்டின் தன்மையைத் தீர்மானிக்கிறது.

இந்தக் குழப்பம் புதியதும் அன்று. ஐந்தாம் நூற்றாண்டில் திருத்தந்தையாக இருந்த பெரிய லியோ, உரோமையில் பேதுரு பேராலயப் படிகளில் ஏறியதும் திரும்பி நின்று உதயசூரியனை வணங்கிவிட்டு உள்ளே வந்த கிறிஸ்தவர்களைத் தம் கிறிஸ்துமஸ் மறையுரை ஒன்றிலேயே கடிந்துகொண்டார். சூரியனைப் படைத்தவரைக் கொண்டாட வந்த இடத்தில் படைப்பை வணங்குவதா என்பது அவருடைய மனக்குறை. யூடியூப் எழுப்பும் கேள்வியை எழுப்பியவர் முன்பே திருப்பீடத்தில் இருந்திருக்கிறார் என்று சொல்லலாம்.

திருவருகைக் காலம்னா கிறிஸ்துமஸுக்கு வீட்டைத் தயார் பண்ற நாலு வாரம், அவ்வளவுதானே?

திருவருகைக் காலம் நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறன்று தொடங்குகிறது. ஆகவே அதன் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் அமையும். இதற்கு இரண்டு பகுதிகள் உண்டு. டிசம்பர் 16 வரையிலான முதற்பகுதியின் வாசகங்கள், குறிப்பாக முதல் ஞாயிற்றின் நற்செய்தி, பெத்லகேமைப் பற்றிப் பேசுவதே இல்லை. விழிப்பாயிருங்கள், ஆண்டவர் மீண்டும் வருவார் என்றே சொல்கின்றன. டிசம்பர் 17 முதல்தான் வாசகங்கள் பிறப்பை நோக்கித் திரும்புகின்றன. அன்று வாசிக்கப்படுவது மத்தேயுவின் நீண்ட தலைமுறை அட்டவணை. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

ஆகவே இந்த நான்கு வாரங்களில் நாம் இரண்டு வருகைகளுக்கு நடுவில் நிற்கிறோம்: ஒன்று நடந்து முடிந்தது, மற்றொன்று இன்னும் வரவிருப்பது. ஊதா உடையும், ஞாயிறுகளில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடல் பாடப்படாமல் விடப்படுவதும் அந்தக் காத்திருப்பின் அடையாளங்கள். எனக்கு உள்ள வருத்தம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் மாதத்திலேயே கடைகளில் நட்சத்திரம் தொங்குகிறது, டிசம்பர் முதல் வாரத்திலேயே கீதப் பவனி புறப்பட்டுவிடுகிறது, 25-ஆம் தேதி மாலைக்குள் எல்லாரும் களைத்துவிடுகிறோம். விழா உண்மையில் தொடங்கும் நாளில் நமக்கு அது முடிந்துபோகிறது. காத்திருக்கும் பயிற்சியை இழந்தவர்களுக்கு வருகையின் மகிழ்ச்சியும் பாதிதான் கிடைக்கும்.

வளையத்துல நாலு மெழுகுதிரியில ஒண்ணு மட்டும் ஏன் ரோசா நிறம்?

திருவருகைக் கால வளையத்தில் ஞாயிறுக்கு ஒன்றாக நான்கு மெழுகுதிரிகளை ஏற்றுகிறோம். அவற்றில் மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சியின் ஞாயிறு. காத்திருப்பின் பாதியைத் தாண்டிவிட்டோம் என்பதற்காகக் குருவின் உடையும் அன்று ரோசா நிறம் கொள்ளலாம். வளையம் தொன்மையான வழக்கம் அன்று; ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய லூத்தரன் போதகர் யோஹான் விக்கெர்ன் 1839-இல், கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று ஓயாமல் கேட்ட பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகளைப் பொருத்தினார். கத்தோலிக்கர் அதைப் பின்னர் எடுத்துக்கொண்டனர்.

குடில்ல மாடும் கழுதையும் வைக்கிறோம். நற்செய்தியில அதுங்க இருக்கா? நம்ம ஊர்ல பஞ்சு ஒட்டிப் பனி காட்டறது சரியா?

நற்செய்தியில் மாடும் இல்லை, கழுதையும் இல்லை. குழந்தையைத் துணிகளில் பொதிந்து தீவனத் தொட்டியில் கிடத்தினார்கள் என்று மட்டுமே லூக்கா சொல்கிறார். மாடு தன் உடைமையாளனையும் கழுதை தன் தலைவனின் தொட்டியையும் அறியும், என் மக்களோ அறியவில்லை என்ற எசாயா முதல் அதிகாரத்தின் புலம்பலிலிருந்தே அவை குடிலுக்குள் வந்தன. அதாவது, அலங்காரத்துக்கு நிற்பவைபோல் தோன்றும் அந்த விலங்குகள் நம்மைப் பற்றிய ஒரு கேள்வியோடு நிற்கின்றன. ஓலைக் கொட்டகைக்குப் பதில் குகை அமைப்பவர்களும் தவறு செய்யவில்லை. பெத்லகேம் அருகே ஒரு குகையில் ஆண்டவர் பிறந்தார் என்ற மரபை இரண்டாம் நூற்றாண்டிலேயே புனித ஜஸ்டின் எழுதிவைத்திருக்கிறார்.

குடில் அமைக்கும் பழக்கத்தைப் பரப்பியவர் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ். 1223-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் இத்தாலியின் கிரெச்சோ என்ற ஊரில், உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து, வைக்கோல் நிரப்பிய தொட்டியின்மேல் திருப்பலி நிறைவேற்றச் செய்தார். குருவுக்கு அடுத்த நிலையான திருத்தொண்டராக இருந்த பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடி மறையுரை ஆற்றினார். அங்கே நற்கருணை கொண்டாடப்பட்டது என்பதைக் கவனியுங்கள்: அன்று தொட்டியில் கிடத்தப்பட்டவர் இன்று பீடத்தில் உணவாகிறார் என்பதை அந்த ஏற்பாடு கண்முன் நிறுத்தியது.

பஞ்சுப் பனியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது ஐரோப்பிய வாழ்த்து அட்டைகளிலிருந்து வந்தது. நம் ஊரில் டிசம்பர் என்றால் மழையும் புயலும் மார்கழிக் குளிரும்தான். பனைஓலையும் களிமண்ணும் கொண்டு செய்த குடில் எனக்கு நிறைவாகத் தோன்றுகிறது. பஞ்சு ஒட்டினால் பாவமில்லை.

மத்தேயு ஒண்ணு சொல்றார், லூக்கா வேற சொல்றார். ரெண்டும் ஒத்துப்போகலையே?

சரியாகவே கவனித்திருக்கிறீர்கள். அகுஸ்து பேரரசரின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தீவனத் தொட்டி, மேய்ப்பர்கள், வானதூதர் அணி ஆகிய அனைத்தும் லூக்காவுக்கே உரியவை. விண்மீன், கிழக்கிலிருந்து வந்த ஞானிகள், ஏரோதின் கொடுமை, எகிப்துக்குத் தப்பியோடுதல் ஆகியவை மத்தேயுவில் மட்டுமே உள்ளன. ஞானிகள் மூவர் என்று மத்தேயு சொல்லவில்லை. காணிக்கைகள் மூன்று என்பதால் நாம் மூவராக்கினோம். அவர்கள் அரசர்கள் என்றும் அவர் சொல்லவில்லை. எல்லாரையும் ஒரே குடிலில் ஒன்றாக நிறுத்திவிடுவதால், இரண்டு நூல்கள் இருக்கின்றன என்பதே நமக்கு மறந்துபோகிறது.

இருவரையும் தனித்தனியே படிக்கும்போதுதான் ஒவ்வொருவரின் நோக்கம் புலப்படும். லூக்கா பேரரசரின் ஆணையில் தொடங்கி, வயல்வெளியில் இரவுக்காவல் காக்கும் எளியவர்களிடம் வந்து சேர்கிறார். உலகை ஆள்பவரின் கட்டளையால் நிறைமாதக் கர்ப்பிணி அலைக்கழிக்கப்படுகிறார். மீட்பரின் செய்தி அரண்மனைக்குப் போகாமல் மந்தை காப்பவர்களுக்குப் போகிறது. மத்தேயுவோ, இசுரயேலின் மெசியாவைத் தேடிப் பிற இனத்தார் நெடுந்தொலைவு வருவதையும், மறைநூலைக் கையில் வைத்திருந்த எருசலேம் அறிஞர்கள் மெசியா பிறக்கும் இடத்தைச் சரியாகச் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பதையும் காட்டுகிறார். எருசலேமிலிருந்து பெத்லகேம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர்தான். அந்தச் சிறு தொலைவைக்கூட அவர்கள் கடக்கவில்லை என்பது ஞாயிறுதோறும் வேதம் வாசிக்கிற நம்மைத்தான் அதிகம் உறுத்த வேண்டும்.

தலைமுறை அட்டவணையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாசகர் திணறும் அந்தப் பெயர்ப் பட்டியலில் மரியாவுக்கு முன் நான்கு பெண்கள் வருகிறார்கள்: தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி. மாமனாரால் வஞ்சிக்கப்பட்டவர், எரிகோவின் விலைமகள், மோவாபிலிருந்து வந்த ஏழைக் கைம்பெண், அரசனின் இச்சைக்குக் கணவனைப் பறிகொடுத்தவர். சாரா, இரபேக்கா ஆகியோரை விட்டுவிட்டு இவர்களை மத்தேயு தேர்ந்தெடுத்திருக்கிறார். குலப் பெருமை பேசுவதற்காக எழுதப்படும் அட்டவணையில், குடும்பங்கள் மறைக்க விரும்பும் பெயர்கள் ஏறியிருக்கின்றன. கடவுள் மனித வாழ்வைத் தமதாக்கிக்கொண்டார் என்று முதல் விடையில் சொன்னேனே, அதில் துப்புரவான பகுதி மட்டும் அடங்கவில்லை.

யோசேப்பு ஒரு வார்த்தைகூடப் பேசலையே, அவருக்கு இதுல என்ன பங்கு?

நற்செய்திகளில் அவர் பேசிய சொல் ஒன்றும் பதிவாகவில்லை. வானதூதர் தோன்றிய ஒவ்வொரு கனவுக்குப் பின்னும் எழுந்து, சொன்னபடி செய்தார் என்பது மட்டுமே பதிவாகியிருக்கிறது. தம்மால் புரிந்துகொள்ள முடியாத ஒன்றை, அதாவது மரியா கருவுற்றிருந்ததை, சட்டத்தின் துணைகொண்டு தண்டித்துவிட வாய்ப்பிருந்தும், மரியாவை இகழ்ச்சிக்குள்ளாக்க விரும்பாதவராக அவரை மத்தேயு காட்டுகிறார். பேசாத இந்த மனிதரையே தலைவராக்கி வீரமாமுனிவர் 'தேம்பாவணி' என்ற பெருங்காப்பியத்தைத் தமிழில் பாடினார். குடிலில் ஓரமாக நிற்கும் அந்த உருவத்தை இனி ஒரு முறை நின்று பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கடவுளுக்கு வல்லமை இருக்கே, ஏன் குழந்தையா வரணும்? நேரா வந்து காப்பாத்தியிருக்கலாமே?

இந்தக் கேள்விக்குத் திருச்சபைத் தந்தையர் தந்த விடைகளில் எனக்குப் பெரிதும் உதவியது நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த நசியான்சு நகர் கிரகோரியினுடையது: ஆண்டவர் எதை ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாக்கப்படவில்லை என்றார் அவர். மனிதர் என்ற தோற்றத்தை மட்டும் போர்த்துக்கொண்டு வந்திருந்தால் தோற்றம் மட்டுமே குணமாகியிருக்கும். முப்பது வயதில் திடீரென்று தோன்றியிருந்தால் நம் குழந்தைப்பருவமும், பிறரை நம்பியே உயிர்வாழும் நிலையும், பேச்சுக் கற்பதற்கு முந்தைய அழுகையும் அவருக்கு அயலானவையாக இருந்திருக்கும். அவர் முழுமையாகக் கடவுள், முழுமையாக மனிதர் என்று 451-இல் கூடிய கால்சிதோன் பொதுச்சங்கம் வரையறுத்ததன் பின்னால் இந்த அக்கறைதான் இருக்கிறது.

வல்லமையைப் பற்றிய நம் எண்ணத்தையும் இது திருத்துகிறது. கட்டளையிட்டு அடிபணியச் செய்பவர் அச்சத்தைப் பெறலாம், அன்பைப் பெற முடியாது. தன்னைத் தூக்கிவைத்துக்கொள்ளும்படி ஒருவரை நம்பித் தன்னை ஒப்படைக்கிற குழந்தையிடம் யாரும் அஞ்சுவதில்லை.

என் இந்து தோழி, 'இதுவும் அவதாரம்தானே, எங்ககிட்டயும் இருக்கு'ன்னு சொல்றா. என்ன பதில் சொல்றது?

முதலில், அவர் உங்களை நெருங்கி வந்து பேசுகிறார் என்பதை உணர்ந்து மகிழுங்கள். கடவுள் மனிதரைத் தேடி இறங்கி வருவார் என்ற ஆவல் இரு மரபிலும் இருக்கிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. அதன்பின் நம் நம்பிக்கையின் தனித்தன்மையைச் சொல்லலாம். அறம் குன்றும்போது யுகந்தோறும் வருவேன் என்பது கீதையின் வாக்கு. நாமோ ஒரே ஒரு முறை, அகுஸ்து, பிலாத்து என்று பெயர் சொல்லக்கூடிய ஆட்சியாளர்களின் காலத்தில் நிகழ்ந்ததை அறிக்கையிடுகிறோம். தீயோரை அழிக்க அவர் வரவில்லை. தீயோர் கையில் தாமே இறந்தார் என்கிறோம். எடுத்த உடலை அவர் களைந்துவிடவும் இல்லை. உயிர்த்த பின்னும் காயங்களோடு கூடிய அதே மனித உடலில் இருக்கிறார் என்பது நம் விசுவாசம். தோழி எதை நம்புகிறார் என்பதை அவரே சொல்லட்டும். அதை நாம் அவருக்கு விளக்க முற்பட வேண்டாம்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாளே ஸ்தேவானைக் கல்லால அடிச்சதை வாசிக்கிறாங்க, 28ஆம் தேதி குழந்தைகளைக் கொன்னது. சந்தோஷமான நேரத்துல இது எதுக்கு?

பலருக்கு இது நெருடலாகப் படுகிறது. ஆனால் இந்தக் காலத்தின் உட்பொருளை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை என்பேன். டிசம்பர் 26 திருச்சபையின் முதல் மறைச்சாட்சியான புனித ஸ்தேவான், 27 நற்செய்தியாளர் யோவான், 28 ஏரோதின் வாளுக்கு இரையான மாசில்லாக் குழந்தைகள். பிறந்த குழந்தையின் அருகிலேயே சாட்சிகளின் குருதியைத் திருச்சபை வைத்திருக்கிறது. தேதியைப் பற்றிய விடையில், பிறப்பையும் சிலுவையையும் ஒரே நாளோடு பிணைத்த பழைய மரபைச் சொன்னேன். கீழைத் திருச்சபைகளின் பிறப்பு ஓவியங்களிலும் இதே பிணைப்பைக் காணலாம்: இருண்ட குகைக்குள் குழந்தை பிணத்துணிபோல் இறுகச் சுற்றப்பட்டு, கல்லறைப் பெட்டியைப் போன்ற தொட்டியில் கிடக்கிறது.

மாசில்லாக் குழந்தைகளின் நிகழ்ச்சியில் மத்தேயு எந்த ஆறுதலும் சொல்லாததைக் கவனியுங்கள். இராகேல் தம் பிள்ளைகளுக்காக அழுகிறார், ஆறுதல் பெற மறுக்கிறார் என்ற எரேமியாவின் சொற்களை மட்டும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்தக் குழந்தைகள் ஏன் இறக்க வேண்டும் என்பதற்கு அவர் காரணம் கற்பிக்கவில்லை. நாமும் கற்பிக்க வேண்டாம். 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ஏரோதின் கதை எங்கோ நடந்த பழங்கதை என்று தமிழ் மண்ணில் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவர்கள் சொல்ல முடியாது.

எங்க வீட்டுல இந்த வருஷம் சாவு. கிறிஸ்துமஸ் கொண்டாடலாமா, கூடாதா?

துக்கம் நடந்த வீட்டில் ஓராண்டுக்கு நல்லநாள் கொண்டாடுவதில்லை என்பது நம் ஊர் வழக்கம். அதில் இறந்தவருக்கான மரியாதை இருக்கிறது. புத்தாடை, பலகாரம், பட்டாசு, நட்சத்திரம் ஆகியவற்றை விட்டுவிடுவதால் விழாவுக்கு ஒரு குறையும் வராது. ஆனால் சிலர் திருப்பலிக்கும் வராமல் இருந்துவிடுகிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். முந்தைய விடையில் சொன்னவற்றைப் பார்த்தால், அழுகிறவர்களுக்கு இந்தக் காலத்தில் இடம் ஒதுக்கியே வைக்கப்பட்டிருக்கிறது என்பது விளங்கும்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிறப்பு விழாவை அடுத்த ஞாயிறு என்பதால் அது திருக்குடும்ப விழா. ஞாயிறு வாசகங்களின் மூன்றாண்டுச் சுழற்சியில் முதலாண்டு என்பதால் அன்றைக்குக் குறிக்கப்பட்டிருந்த நற்செய்தி, யோசேப்பு இரவோடு இரவாகக் குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குத் தப்பியோடிய பகுதி. அன்று காலையில்தான் நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, முல்லைத்தீவு, மட்டக்களப்புக் கரைகளில் ஆழிப்பேரலை ஏறியது. வேளாங்கண்ணிக்குத் திருப்பயணம் வந்திருந்தவர்களும் அதில் மாண்டார்கள். அக்கரைகளில் இன்றும் கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள் நினைவுநாளாகவே விடிகிறது. அங்குள்ள மக்கள் 25-ஆம் தேதி விழாவையும் விட்டுவிடவில்லை, 26-ஆம் தேதி அழுகையையும் விட்டுவிடவில்லை. இரண்டையும் ஒன்றுசேர்ந்து சுமக்க முடியும் என்பதற்கு அவர்களே சான்று.

சில சபைக்காரங்க கிறிஸ்துமஸே கொண்டாடக் கூடாதுன்னு சொல்றாங்க. அவங்க தப்பா, நாம தப்பா?

இந்த எதிர்ப்பும் பழையதே. வேதத்தில் கட்டளையிடப்படாத விழா என்று சொல்லி இங்கிலாந்தின் பியூரிட்டன் ஆதிக்கப் பாராளுமன்றம் 1647-இல் இதை ஒழித்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை, கொண்டாடியவர்களுக்கு 5 ஷில்லிங் அபராதம் இருந்தது. ஸ்காட்லாந்தில் இந்நாள் பொது விடுமுறையானதே 1958-இல்தான். இவர்களும் கிறிஸ்துவை நேசித்தவர்களே. குடியும் கூத்துமாகிப்போன ஒரு பண்டிகையைப் பார்த்து மனம் நொந்தவர்களும் அவர்களுள் உண்டு. அந்தக் குற்றச்சாட்டில் நமக்கும் பங்கு இருக்கிறது.

ஒருவர் ஒரு நாளைச் சிறந்ததாகக் கருதுகிறார், வேறொருவர் எல்லா நாளையும் ஒன்றாகக் கருதுகிறார், இருவருமே ஆண்டவருக்காகவே செய்கிறார்கள் என்று பவுல் உரோமையருக்கு எழுதிய மடலின் 14-ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். இதற்கு மேல் வாதாட நான் விரும்புவதில்லை.

ஏழைங்களுக்குக் கேக்கும் துணியும் குடுத்தா கிறிஸ்துமஸோட அர்த்தம் நிறைவேறிடுமா?

கொடுப்பது நல்லது, கட்டாயம் கொடுங்கள். ஆனால் எப்படிக் கொடுக்கிறோம் என்பதைத்தான் இந்த விழா சோதிக்கிறது. செல்வராயிருந்தும் நமக்காக ஏழையானார் என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதினார். மேலே நின்றுகொண்டு நீட்டியவராக அல்லாமல், அருகில் வந்து குடியிருந்தவராக ஆண்டவரை அவர் காட்டுகிறார். கிறிஸ்துமஸ் தாத்தாவின் மூலமான மீரா நகர் ஆயர் நிக்கோலாசைப் பற்றிய மரபுக்கதையில்கூட, மணமுடிக்க வழியில்லாத மூன்று பெண்களின் வீட்டுக்குள் அவர் இரவில் யாரும் அறியாமல் பொற்காசுகளைப் போட்டுவிட்டு வருகிறார். மேடை போட்டு, பெயரை வாசித்து, வாங்குகிறவரைப் படம் எடுத்துப் பரப்பும் நம் வழக்கத்தை அந்தக் கதையின் அருகில் வைத்துப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

'பூமியில அமைதி'ன்னு பாடி ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு. என்னதான் மாறிச்சு?

பெத்லகேம் நகரிலேயே அமைதி இல்லை என்பது செய்தி பார்க்கும் எவருக்கும் தெரியும். இதை மழுப்பும் விடை எதையும் நான் தரப்போவதில்லை. திருவருகைக் காலத்தைப் பற்றிச் சொன்னபோது, இரண்டு வருகைகளுக்கு நடுவில் நிற்கிறோம் என்றேன். திருச்சபை எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் அத்தகைய ஒரு காலமே தேவைப்பட்டிருக்காது. ஆண்டுதோறும் 'வாரும், ஆண்டவரே' என்று மன்றாடுவதே, உலகம் இன்னும் சரியாகவில்லை என்று திருச்சபை ஒப்புக்கொள்வதுதான்.

ஆயினும் ஒன்று மாறியிருக்கிறது என்று நம்புகிறோம். துன்பப்படுகிறவர் இனித் தனியாகத் துன்பப்படவில்லை. அகதியாக ஓடியவரும் கொலைத் தண்டனை பெற்றவரும் அவர்களுள் ஒருவராகவே இருந்த கடவுளை நோக்கி மன்றாட முடிகிறது. இது போரை நிறுத்திவிடுமா என்று கேட்டால், நிறுத்துவது மனிதர் கையில் இருக்கிறது என்றே சொல்வேன்.

குடிலை எப்போ பிரிக்கணும்? புத்தாண்டு முடிஞ்சதும் எடுத்துடலாமா?

அவசரப்பட வேண்டாம். ஞானிகளின் வருகையைக் கொண்டாடும் திருக்காட்சிப் பெருவிழா, நம் பெரியவர்கள் மொழியில் மூன்று ராஜாக்கள் திருநாள், சனவரி 6-இல் அல்லது அதையொட்டிய ஞாயிறன்று வருகிறது. அதன்பின் வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு கிறிஸ்து பிறப்புக் காலம் நிறைவடைகிறது. அதுவரை குடில் இருக்கலாம். நாற்பதாம் நாளான பிப்ரவரி 2 வரை வைத்திருப்பதும் சில இடங்களில் பழைய மரபு. அன்று கோவிலில் முதியவரான சிமியோன் குழந்தையைக் கையில் ஏந்துகிறார், மரியாவிடம் அவருடைய உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்கிறார்.

எனக்குக் கடவுள் நம்பிக்கையே அவ்வளவு உறுதியா இல்லை. நள்ளிரவுப் பூசைக்கு வரலாமா?

வரலாம். மேய்ப்பர்களின் விசுவாசத்தை வானதூதர் முதலில் சோதித்துப் பார்க்கவில்லை; போய்ப் பாருங்கள் என்றுதான் சொன்னார்கள். ஞானிகளும் தெரிந்துகொண்டு வரவில்லை, விசாரித்துக்கொண்டே வந்தார்கள். முழந்தாளிட மனம் வராவிட்டால் அமைதியாக உட்கார்ந்திருங்கள், யாரும் தவறாக எண்ணமாட்டார்கள். நற்கருணை, அதை விசுவசித்துத் தயாரித்துக்கொண்ட கத்தோலிக்கருக்கு உரியது. மற்றவர்கள் அந்நேரத்தில் இடத்திலேயே இருக்கலாம், பங்கின் வழக்கம் அனுமதித்தால் கைகளைக் குறுக்காக வைத்துக்கொண்டு சென்று ஆசீர் பெறலாம். கூட்டம் அதிகமாக இருக்கும் என்பதால், பாடல்கள் தொடங்கும் முன்னரே வந்தால் உட்கார இடம் கிடைக்கும்.